பாங்காக்கில் குடும்பத்தோடு வாடகை வீடு: புதுக் காண்டோவா, பழைய அபார்ட்மெண்டா?

பாங்காக்கில் வீடு தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது சுகும்வித் சாலையோரத்துப் புத்தம்புதுக் காண்டோக்கள்தான். மொட்டை மாடியில் நீச்சல்குளம், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, வாசலிலேயே பிடிஎஸ் எனும் மேம்பால ரயில். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் அவை அருமையான வீடுகள். ஆனால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், தினமும் வீட்டுச் சமையல், ஊரிலிருந்து வந்து இரண்டு மூன்று மாதம் தங்கிப்போகும் பெரியவர்கள் என்றுள்ள குடும்பத்துக்கு அதே பணத்தில் வேறொரு வகை வீடு நன்றாகப் பொருந்தும். சோய் எனப்படும் கிளைத் தெருவுக்குள் சற்றுத் தள்ளி, 1990-களில் கட்டப்பட்ட, கட்டடம் முழுவதும் ஒரே உரிமையாளரிடம் இருக்கும் பழைய அபார்ட்மெண்ட். படத்தில் மங்கலாகத் தெரியும். குளியலறை ஓடு பழைய பாணியில் இருக்கும். வாழ்ந்து பார்த்தால் அதன் அருமை புரியும்.

பாங்காக்கில் ‘அபார்ட்மெண்ட்’ என்றால் வீடுகள் தனித்தனியாக விற்கப்படாத கட்டடம். ஒரு குடும்பமோ நிறுவனமோ முழுக் கட்டடத்தையும் வைத்துக்கொண்டு வாடகைக்கு மட்டும் விடும். காண்டோவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உரிமையாளர். ஏசியிலிருந்து இரவில் தண்ணீர் சொட்டத் தொடங்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். அபார்ட்மெண்டில் கீழே அலுவலகம் இருக்கிறது, சம்பளத்துக்கு ஒரு டெக்னீஷியன் இருக்கிறார், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ ஏணியோடு வந்துவிடுவார். காண்டோவில் கீழே இருக்கும் நிர்வாக அலுவலகத்துக்குப் பொது இடங்கள் மட்டுமே பொறுப்பு. வீட்டுக்குள் எது கெட்டாலும் உரிமையாளருக்கு ‘லைன்’ செயலியில் செய்தி அனுப்ப வேண்டும். அவர் வேறு நாட்டில் இருக்கலாம், ஏஜென்ட்டைக் கேட்கச் சொல்லலாம், ஏஜென்ட் கமிஷன் வாங்கியபின் பதில் சொல்வதை நிறுத்தியிருக்கலாம். பொறுப்பான காண்டோ உரிமையாளர்களும் நிறையப் பேர் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடும் நாளில் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள வழி கிடையாது. அபார்ட்மெண்ட் என்றால் லிஃப்டில் வரும் பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்டுவிடலாம், எல்லோருக்கும் உரிமையாளர் ஒருவர்தானே.

அளவு இன்னொரு பெரிய காரணம். புதுக் காண்டோவில் இரண்டு படுக்கையறை வீடு 55 முதல் 75 சதுர மீட்டர். 1997 ஆசிய நிதி நெருக்கடிக்கு முந்தைய கட்டுமான அலையில் எழுந்த மூன்று படுக்கையறை அபார்ட்மெண்டுகள் 180 முதல் 250 சதுர மீட்டர் வரை போகும். பணிப்பெண்ணுக்குத் தனி அறை, துணி காயப்போடப் பின்பக்கப் பால்கனி, கதவு வைத்த சமையலறை எல்லாம் அதில் அடங்கும். சுகும்வித்தின் ப்ரோம் போங், தோங் லோ வட்டாரத்தில் இப்படிப்பட்ட வீடு தோராயமாக மாதம் 70,000 முதல் 1,20,000 பாட். அதே வட்டாரத்தில் புது இரண்டு படுக்கையறைக் காண்டோவே 50,000 முதல் 90,000 பாட் கேட்கிறார்கள். சதுர மீட்டர் கணக்கில் பழையது பாதிக்கும் குறைந்த விலைக்கு வருகிறது. கட்டடத்தின் வயதைக் கேட்டால் சிலர் தாய்லாந்தின் புத்த ஆண்டைச் சொல்வார்கள். அதிலிருந்து 543-ஐக் கழிக்க வேண்டும், 2538 என்றால் 1995.

மூன்றாவது வகை சர்வீஸ்டு அபார்ட்மெண்ட். மின்சாரம், சுத்தம் செய்தல், படுக்கை விரிப்பு எல்லாம் வாடகைக்குள் வரும், ஒரு மாதம்கூடத் தங்கலாம். ஆண்டுக்கணக்கில் வாழக் கட்டுப்படியாகாது. ஆனால் முதல் மாதத்துக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வந்த வாரமே ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்ளாமல் நிதானமாக வீடு பார்க்கலாம். செலவை மிச்சம் பிடிக்க யாரோ ஒருவரின் காண்டோவை இணையத்தில் இரண்டு வாரத்துக்குப் பிடிக்க வேண்டாம். 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட 2004-ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி உரிமம் வேண்டும். தனிப்பட்ட காண்டோ உரிமையாளரிடம் அது இருக்காது, பெட்டியும் குழந்தைகளுமாக வரவேற்பறையில் நிற்கும்போது பாதுகாவலர் உள்ளே விட மறுத்தால் வாதாட இடமில்லை.

சமையலறையிலிருந்து தொடங்குங்கள்

நம் வீட்டுச் சமையலுக்குப் புதுக் காண்டோ பொருந்தாமல் போகும் இடம் இதுதான். அங்கே சமையலறை என்பது பெரும்பாலும் கூடத்தின் ஒரு சுவர். இரண்டு அடுப்பு, மேலே ஒரு புகைபோக்கி. அந்தப் புகைபோக்கியின் மேல் அலமாரியைத் திறந்து பாருங்கள். வெளியே போகும் குழாய் இருந்தால் நல்லது. குழாய் இல்லாமல் கரி வடிகட்டி மட்டும் இருந்தால், அது புகையை உறிஞ்சி அதே கூடத்துக்குள் திருப்பி விடுகிறது என்று பொருள். மிளகாய் வற்றல் தாளித்தால் சோபாவும் திரைச்சீலையும் அந்த வாசனையைப் பிடித்துக்கொள்ளும், வீட்டைக் காலி செய்யும்போது அதைத் துவைக்கும் செலவு டெபாசிட்டில் கழியும்.

அடுத்தது அடுப்பு. உயரமான காண்டோக்களில் பெரும்பாலும் கேஸ் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. மின் அடுப்பில் இரண்டு வகை உண்டு, பார்வைக்கு இரண்டுமே கறுப்புக் கண்ணாடி. இண்டக்‌ஷன் அடுப்பில் காந்தம் ஒட்டும் அடி உள்ள பாத்திரம்தான் சூடாகும். ஊரிலிருந்து தூக்கி வந்த அலுமினியக் குக்கர், வாணலி, பித்தளை உருளி எதுவும் அதில் வேலை செய்யாது. இரும்புத் தோசைக்கல் அடி சமமாக இருந்தால் வேலை செய்யும். செராமிக் அடுப்பில் அடி தட்டையான எந்தப் பாத்திரமும் சூடாகும், ஆனால் சூடேறவும் ஆறவும் நேரமெடுக்கும். எது என்று தெரிய வீடு பார்க்கும்போதே அடுப்பைப் போட்டுப் பாருங்கள். பாத்திரம் இல்லாமலே கண்ணாடி சிவந்தால் செராமிக். இரண்டு அடுப்பு இண்டக்‌ஷனில் ஒன்றை முழு வேகத்தில் வைத்தால் மற்றது தானாகத் தணியும் மாடல்கள் நிறைய. சாம்பாரும் சாதமும் ஒன்றாக வைக்கும் காலை நேரத்தில் இது தினசரித் தொல்லை. குடிபுகும் நாளில் பால் காய்ச்சவும் காந்த அடி உள்ள பாத்திரமாக ஒன்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அபார்ட்மெண்டில் சமையலறைக்குக் கதவும் ஜன்னலும் இருக்கும், பல இடங்களில் கேஸ் அடுப்பும் உண்டு. சிலிண்டர் பால்கனியில் நிற்கிறதா, ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். குழாயையும் ரெகுலேட்டரையும் புதிதாக மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், சின்னச் செலவுதான்.

மிக்ஸி, கிரைண்டரைத் தாராளமாக எடுத்து வரலாம். தாய்லாந்திலும் 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், மோட்டாருக்குப் பிரச்சினை இல்லை. நம் ஊர் மூன்று உருண்டைப் பின் பிளக் மட்டும் அங்குள்ள பிளக் பாயின்ட்டில் நுழையாது. அடாப்டரைத் தொங்கவிடுவதைவிட, பிளக்கை வெட்டிவிட்டு எர்த் கம்பியோடு உள்ளூர் மூன்று பின் பிளக்காக மாற்றுவதே கிரைண்டருக்கு நல்லது. பழைய கட்டடங்களில் வேறோர் ஆபத்து இருக்கிறது, இதை லேசாக விட்டுவிடக் கூடாது. பிளக் பாயின்ட்டில் இரண்டு துளை மட்டும் இருந்தால் எர்த் இல்லை. சமையலறை, வாஷிங் மெஷின், குளியலறை வாட்டர் ஹீட்டர் ஆகிய மூன்றுக்கும் எர்த் இருப்பதையும், ஹீட்டரில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் இருப்பதையும் உறுதிசெய்யாமல் குழந்தைகளோடு குடிபுக வேண்டாம். ஹீட்டரின் முகப்பில் சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே அணைய வேண்டும்.

மின்சாரக் கணக்கு

வாடகையை வைத்து மட்டும் இரண்டு வீடுகளை ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவோம். காண்டோவில் மீட்டர் பெரும்பாலும் மாநகர மின்வாரியத்தோடு நேரடியாக இணைந்தது, பில்லை நேராகக் கட்டலாம். யூனிட்டுக்கு ஏறக்குறைய 4 பாட். சில அபார்ட்மெண்டுகளில் மொத்த மீட்டர் உரிமையாளருடையது, வீட்டுக்கு வீடு துணை மீட்டர் வைத்து 7, 8 பாட் வாங்குவார்கள். நான்கு ஏசி ஓடும் பெரிய வீட்டில் மாதம் 1,000 யூனிட் ஆகிவிடும். 4 பாட்டுக்கு 4,000, 7 பாட்டுக்கு 7,000. ஆண்டுக்கு 36,000 பாட் வித்தியாசம். பழைய அபார்ட்மெண்டுகளை முழு மனதோடு பரிந்துரைத்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவற்றின் மேல் குறை உண்டு. “மீட்டர் யாருடையது, யூனிட் எவ்வளவு?” என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். வாரிய விகிதத்துக்கு மேல் என்றால் அந்த வித்தியாசத்தை வாடகையில் குறைத்துத் தரச் சொல்லிப் பேரம் பேசுவது அங்கே சகஜம்.

ஏசியில் படுக்கையறைச் சுவரில் தொங்கும் வகையா, கூரைக்குள் ஒளிந்திருக்கும் வகையா என்று பார்க்க வேண்டும். சுவர் ஏசியைக் கழுவ ஒன்றுக்கு 600 முதல் 800 பாட், ஆண்டுக்கு இரண்டு முறை, பெரும்பாலும் குடியிருப்பவர் செலவு. கூரைக்குள் இருப்பதற்குக் கூடுதலாகும், வடிகால் குழாயில் பாசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் சீலிங் பலகையில் இறங்கும். வீடு பார்க்கும்போது ஏசிக்குக் கீழே சீலிங்கில் பழுப்புக் கறை இருந்தால் அது பழைய கசிவு. வண்ணம் மட்டும் புதிதாக அடித்திருந்தால் கையால் தடவிப் பாருங்கள், ஈரம் வாங்கிய பலகை சற்று உப்பியிருக்கும். எல்லா ஏசியையும் போட்டு, வீட்டைச் சுற்றிப் பார்க்கும் அரை மணி நேரமும் ஓடவிட்டு, கடைசியில் ஒவ்வோர் அறைக்கும் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

பள்ளியை வைத்துப் பகுதி, பகுதியை வைத்து சோய்

வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடுவது பாங்காக்கில் தலைகீழ் வேலை. போக்குவரத்து நெரிசல் பிள்ளைகளின் தூக்கத்தைத் தின்றுவிடும். பள்ளி முடிவானதும் பகுதி தானாகவே சுருங்கிவிடும்.

என்ஐஎஸ்டி சர்வதேசப் பள்ளி சுகும்வித் சோய் 15-இல் இருக்கிறது. அதற்கு அசோக், ப்ரோம் போங் சுற்றுவட்டாரம். குடும்பத்துக்கு முழு வசதியான பகுதி என்றால் ப்ரோம் போங்தான். பெஞ்சசிரி பூங்கா, எம்போரியம் வணிக வளாகம், சோய் 49-இல் சமிதிவேஜ் மருத்துவமனை எல்லாம் பக்கத்தில். ஜப்பானியக் குடும்பங்கள் நெடுங்காலமாக இங்கே வாழ்வதால் சோய் 31-இலிருந்து 55 வரை பெரிய குடும்ப அபார்ட்மெண்டுகள் நிறைய, வீட்டைப் பராமரிக்கும் தரமும் கூடுதல். இந்தியத் தூதரகமும் சோய் 23-இல்தான்.

பாங்காக் பதானா பள்ளி பாங் நாவில், சுகும்வித் 105-ஐ ஒட்டி. பிள்ளைகள் அங்கே படிக்கப் போகிறார்கள் என்றால் ப்ரோம் போங் ஆசையை விட்டுவிட்டு ஓன் நுட் தொடங்கி பாங் நா, பேரிங் பக்கம் பாருங்கள். வாடகை குறையும். ஓன் நுட்டில் 50 முதல் 60 சதுர மீட்டர் இரண்டு படுக்கையறைக் காண்டோ தோராயமாக 22,000 முதல் 40,000 பாட்டுக்கு உண்டு. ஆனால் பெரிய பழைய அபார்ட்மெண்டுகள் அரிது. இடம் அதிகம் வேண்டுமென்றால் வேலியிட்ட குடியிருப்புகளில் தனி வீடோ டவுன்ஹவுஸோ பார்க்க வேண்டும், அதற்குக் கார் வேண்டும்.

சாதோர்ன், சிலோம் பக்கம் மரங்கள் கூடுதல். சுவான் ப்ளு, யென் ஆகாட், நாங் லின்ச்சி தெருக்களில் தோட்டம் வைத்த தாழ்வான குடியிருப்புகள் உண்டு, ஆனால் ரயில் நிலையத்துக்கு நடக்க முடியாத தூரம். பிஎன்எச் மருத்துவமனை கான்வென்ட் சாலையில். தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய மகா மாரியம்மன் கோயில் சிலோம் சாலையும் பான் சாலையும் சேரும் மூலையில் இருக்கிறது, நவராத்திரி விழாவின் நிறைவு இரவில் அம்மன் ஊர்வலத்துக்காக அந்தச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டுமென்றால் சுராசாக், செயின்ட் லூயிஸ் நிலையங்களைச் சுற்றித் தேடுங்கள். நம் ஊர் மளிகைக்கு இந்தியக் கடைகள் நிறைந்த பாஹுரத் போகவேண்டியிருந்தாலும் எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் சாம் யோட் நிலையத்தில் இறங்கினால் நடைதூரம்தான்.

ஐஎஸ்பி பள்ளிக்கு நொந்தபுரி மாகாணத்துப் பாக் கிரெட்டில் உள்ள நிச்சாதா தானி என்ற குடியிருப்பு. பள்ளி அந்தக் குடியிருப்புக்கு உள்ளேயே இருப்பதால் பிள்ளைகள் சைக்கிளில் போகலாம். அலுவலகம் நகர மையத்தில் இருப்பவருக்குத்தான் தினமும் நீண்ட பயணம். இரண்டையும் ஒருசேரத் திருப்திப்படுத்தும் பகுதி இல்லை, வீட்டில் உட்கார்ந்து பேசி ஒருவர் பயணத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

பகுதி முடிவானபின் சோய். சுகும்வித்தில் ஒற்றைப்படை எண்கள் வடபுறம், இரட்டைப்படை தென்புறம். சோய் 24, 26 ராமா 4 சாலை வரை போகும், சோய் 39 பெட்ச்சபுரி சாலையைத் தொடும். இப்படிப் பெரிய சாலைகளை இணைக்கும் சோய்களில் குறுக்குவழி தேடும் வண்டிகளெல்லாம் நுழையும், காலையும் மாலையும் நகராது. முட்டுச் சந்தான கிளைச் சோய்கள் அமைதியானவை. சோயின் உள்ளே 600, 700 மீட்டர் தள்ளியிருக்கும் அபார்ட்மெண்டுகளில் பல, நிலையம் வரை இலவச டுக்டுக் ஓட்டுகின்றன. அதன் கடைசி நேரம் எத்தனை மணி, ஞாயிற்றுக்கிழமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளி வேன் எந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைப் பள்ளியின் போக்குவரத்து அலுவலகத்திடமே கேட்க வேண்டும், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு பள்ளி நாள் காலை 6:45-க்கு அந்த வாசலிலிருந்து பள்ளி வரை டாக்சியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை

செப்டம்பர், அக்டோபர் மழையில் சுகும்வித்தின் பல சோய்களில் ஒன்றிரண்டு மணி நேரம் முழங்கால் தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் பார்த்தாலும் அதன் தடயம் தெரியும். மதில்சுவரின் அடியில் கிடைமட்டமாக ஓடும் அழுக்குக் கோடு, கார் நிறுத்துமிடத்து வாயிலின் இருபுறமும் தடுப்புப் பலகை செருக இரும்புப் பள்ளம், மூலையில் அடுக்கிய மணல் மூட்டை. இவை இருந்தால் தண்ணீர் வருகிறது. பலகை செருகும் ஏற்பாடு இருப்பது நல்ல நிர்வாகத்தின் அடையாளமும்கூட.

பக்கத்தில் காலி மனையோ பூட்டிய பழைய வீடோ இருந்தால் அங்கே கட்டுமானம் தொடங்கலாம், காலையிலிருந்து மாலை வரை சத்தமும் தூசியும். அந்த சோய் எவ்வளவு அகலம் என்று பாருங்கள். பாங்காக்கில் 23 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்ட, மனை குறைந்தது 10 மீட்டர் அகலச் சாலையை ஒட்டியிருக்க வேண்டும். அதனால்தான் குறுகிய சோய்களில் எட்டு மாடிக் கட்டடங்களே தெரிகின்றன. குறுகிய சோயில் பக்கத்து மனையில் ஏதாவது எழும்பினாலும் நாற்பது மாடி எழாது.

மேற்குப் பார்த்த படுக்கையறையில் மாலை வெயில் சுவரைச் சுட வைத்து இரவு வரை ஏசியைத் திணறடிக்கும். வடக்குப் பார்த்தது நல்லது. டிசம்பர் முதல் மார்ச் வரை காற்றில் நுண்துகள் மிகும். பழைய கட்டடத்தின் இழுப்பு ஜன்னல்களில் இடைவெளி இருந்தால் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்தும் பலன் குறைவு. ஜன்னலை மூடி விளிம்பில் ஒரு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடித்தால் அசைவில் தெரிந்துவிடும். ரப்பர் பட்டை மாற்றுவது எளிய வேலை, ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். கொசுவலைக் கதவும் அப்படியே, டெங்கு உள்ள ஊரில் அது அலங்காரமல்ல.

2025 மார்ச் 28 அன்று மியான்மரில் நேர்ந்த 7.7 நிலநடுக்கத்தில் பாங்காக்கின் உயரமான கட்டடங்கள் நெடுநேரம் ஆடின, சதுச்சக்கில் கட்டுமானத்தில் இருந்த தணிக்கை அலுவலகக் கட்டடம் இடிந்து விழுந்தது. குடியிருப்புகளில் காணப்பட்ட விரிசல்களில் பெரும்பாலானவை பாரம் தாங்காத தடுப்புச் சுவர்களில்தான். அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். தூணிலும் உத்தரத்திலும் சாய்வான விரிசல் இருந்தால் அந்த வீடு வேண்டாம். நிலநடுக்கத்துக்குப் பின் பொறியாளர் பார்த்துக் கொடுத்த ஆய்வறிக்கையை நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கட்டடம் பாருங்கள்.

சின்னக் குழந்தைகள் இருந்தால் பால்கனி. கைப்பிடியில் படுக்கைவாட்டுக் கம்பி இருந்தால் அது ஏணி. காண்டோவில் வெளித்தோற்றம் மாறும் என்று கம்பி வலை போட விடமாட்டார்கள். தூரத்திலிருந்து தெரியாத மெல்லிய கம்பிவட வேலிக்கு எழுத்தில் அனுமதி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும். அபார்ட்மெண்டில் உரிமையாளர் ஒருவர் சரி என்றால் போதும்.

ஒப்பந்தம்

வழக்கம் இரண்டு மாத வாடகை டெபாசிட், ஒரு மாத வாடகை முன்பணம். 80,000 பாட் வீட்டுக்கு முதல் நாளே 2,40,000 பாட் கையில் வேண்டும். பல வீடுகளை வாடகைக்கு விடுபவர்களைக் கட்டுப்படுத்தும் நுகர்வோர் விதி 2018 மே மாதம் வந்தது, பிறகு திருத்தப்பட்டது. அபார்ட்மெண்ட் உரிமையாளர்கள் அதற்குள் வருவார்கள், ஒரே ஒரு காண்டோ வைத்திருப்பவர் வரமாட்டார். ஏஜென்ட்டுக்கு உரிமையாளர்தான் கமிஷன் தருகிறார். வீடு காட்டக் குடியிருப்பவரிடம் பணம் கேட்பவரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

காண்டோ என்றால் பணம் கொடுப்பதற்கு முன் உரிமைப் பத்திரத்தின் நகலையும் உரிமையாளரின் அடையாள அட்டை நகலையும் வாங்கி, பெயர் ஒன்றா, பணம் போகும் வங்கிக் கணக்கும் அதே பெயரா என்று பாருங்கள். இன்னொன்றையும் நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள்: அந்த வீட்டுக்குப் பொதுப் பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருக்கிறதா? ஆறு மாதமோ அதற்கு மேலோ பாக்கி வைத்தால் பொதுச் சேவைகளை நிறுத்த காண்டோ சட்டம் இடம் தருகிறது. வாடகையை ஒழுங்காகக் கட்டும் குடும்பத்தின் நீச்சல்குள அட்டை வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

வேலைக்காக வந்த குடும்பத்துக்கு ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்கவேண்டியது முன்கூட்டியே விலகும் பிரிவு. ஏஜென்ட்டுகள் ‘டிப்ளமேடிக் கிளாஸ்’ என்பார்கள். வேலை மாற்றமோ பணி அனுமதி ரத்தோ நேர்ந்தால், நிறுவனத்தின் கடிதத்தோடு 30 அல்லது 60 நாள் அறிவிப்புக் கொடுத்து, டெபாசிட்டை முழுதாகப் பெற்று வெளியேறலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பல உரிமையாளர்கள் முதல் 12 மாதத்துக்குப் பிறகுதான் இது செல்லும் என்று சேர்ப்பார்கள். அப்படியானால் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. ஓராண்டு ஒப்பந்தத்தில் 12 மாதத்துக்குப் பிறகு என்று எழுதியிருந்தால் அந்தப் பிரிவு இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட வாடகையை நில அலுவலகத்தில் பதியாவிட்டால் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், அதனால் நீண்ட ஒப்பந்தத்துக்கு ஆசைப்பட வேண்டாம், புதுப்பிக்கும்போது வாடகை எத்தனை சதவீதம் வரை ஏறலாம் என்று எழுதிக்கொள்வது போதும். மொத்த வாடகையில் ஆயிரம் பாட்டுக்கு ஒரு பாட் முத்திரைத் தீர்வை. ஆண்டுக்கு 9,60,000 பாட் வாடகைக்கு 960 பாட். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தைச் சிவில் வழக்கில் சாட்சியமாக வைக்க முடியாது. தாய்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் இரண்டு பத்தியாக எழுதியிருந்தால், முரண்பட்டால் எது செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் தாய்லாந்து மொழிதான், எனவே டெபாசிட், விலகும் பிரிவு இரண்டையுமாவது மொழி தெரிந்த அலுவலக நண்பரிடம் காட்டிவிடுங்கள்.

வாடகையை நிறுவனம் கட்டுவதாக இருந்தால் 5 சதவீதம் வரிப்பிடித்தம் செய்ய வேண்டும். தனிப்பட்ட காண்டோ உரிமையாளர்கள் சிலர் இதனாலேயே நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் போட மறுப்பார்கள். அபார்ட்மெண்ட் நிறுவனங்களுக்கு இது பழக்கமான விஷயம். அவர்கள் வாடகை, மரச்சாமான், சேவை என்று மூன்றாகப் பிரித்து பில் போடுவார்கள், வீட்டு வாடகைக்கு வாட் வரி இல்லை, மற்ற இரண்டுக்கும் 7 சதவீதம் உண்டு. விளம்பரத்தில் சொல்லும் தொகை வாட் சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஎம்30 எனும் வெளிநாட்டவர் தங்குமிடப் பதிவை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1979-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு. பொறுப்பு அவருடையது. ஆனால் விசா நீட்டிக்க வரிசையில் நின்று ரசீது இல்லாமல் திரும்பி வருவது குடியிருப்பவர்தான். “உரிமையாளர் டிஎம்30 பதிவு செய்து, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ரசீது தருவார்” என்று ஒரு வரி போதும். வாடகை வருமானத்தை வரித் துறைக்குக் காட்டாத உரிமையாளர் இந்த வாசகத்தைச் சேர்க்கத் தயங்குவார். அந்தத் தயக்கம் தெரிந்தால் அந்த வீட்டை விட்டுவிடலாம்.

சாவி வாங்கும் நாளில் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதற்கு முன் வீடியோ எடுங்கள். ஒவ்வொரு சுவரும் தரையும், மெத்தையின் இரண்டு பக்கம், சோபாவின் அடி, குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர், சமையல் மேடை விளிம்பு, மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்கள். மரத்தரையில் உள்ள ஒவ்வொரு கீறலையும் பக்கத்தில் நாணயம் வைத்துப் படமெடுத்தால் அளவு தெரியும். அன்றே உரிமையாளருக்கு லைனிலும் மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள், தேதி தானாகப் பதிவாகிவிடும். பொருள் பட்டியலில் ‘நல்ல நிலை’ என்று பொதுவாக எழுதியிருந்தால் அடித்துவிட்டுக் குறைகளை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். சுவரில் ஆணி அடிக்க அனுமதி இருக்காது, பூஜை அலமாரி தரையில் நிற்பதாக வாங்குங்கள். கற்பூரம் ஏற்றும் இடத்துக்கு நேர் மேலே புகை உணரி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

ஏசி கழுவிய ரசீதுகளை ஒன்று விடாமல் வைத்திருங்கள், காலி செய்யும்போது முதலில் கேட்பது அதைத்தான். கடைசி இரண்டு மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லும் யோசனை பலருக்கு வரும். ஒப்பந்தம் அதைத் தடுக்கிறது என்றால் வாடகை பாக்கி என்ற பெயரில் உரிமையாளர் கை ஓங்கிவிடும். டெபாசிட் திரும்பப் பெறும் நாள் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் 30 நாள் என்றிருக்கும், அதற்குள் குடும்பம் நாட்டை விட்டே போயிருக்கும். ஆகவே தாய்லாந்து வங்கிக் கணக்கை அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள். கணக்கோடு இணைந்த தொலைபேசி எண்ணையும் சில மாதம் உயிரோடு வையுங்கள், அது போய்விட்டால் வந்து சேர்ந்த பணத்தையும் வெளிநாட்டிலிருந்து எடுக்க முடியாது.